லேட்: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு கட்டுரைத் தேர்வில் 'மை லேட் ஃப்ரெண்ட் மிஸ்ட் தி பஸ்' என்று எழுதினேன். லேட்டாக வந்த நண்பன் பஸ்ஸைத் தவறவிட்டான் என்று சொல்ல நினைத்தேன். திருத்தியவர் அடியில் கோடு போட்டு, "நண்பர் இறந்துவிட்டாரா?" என்று கேட்டிருந்தார். படித்ததும் திக்கென்றது.

தவறு எங்கே என்று புரிய நாளாயிற்று. 'லேட்டாக வந்த நண்பன்' என்னும்போது தமிழில் 'வந்த' என்ற பெயரெச்சம் பொருளைக் காத்துவிடுகிறது. நான் அதை விட்டுவிட்டு, லேட்டை மட்டும் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டேன். 'மை', 'தி' போன்ற சொல்லுக்கும் ஓர் ஆளைக் குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் லேட் வந்தால், ஆங்கிலம் படிப்பவர் 'மறைந்த' என்றுதான் எடுத்துக்கொள்வார். தாமதத்தைச் சொல்ல அது 'இஸ்', 'வாஸ்' போன்ற வினைக்குப் பின்னால் போக வேண்டும்: 'மை ஃப்ரெண்ட் வாஸ் லேட் அண்ட் மிஸ்ட் தி பஸ்.'

காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன் வந்தால் கதையே வேறு. 'தி லேட் 1990ஸ்' என்றால் 1990களின் பிற்பகுதி. பத்தியைப் படித்து விடை எழுதும் கேள்விகளில் இதைக் கவனிக்காமல் ஆண்டைத் தவறாகக் குறிப்பவர்கள் உண்டு.

அப்புறம், கோடிட்ட இடத்தை நிரப்புவது. 'ஹி கேம் ...' என்று வந்தால் வினையடைதானே என்று 'லேட்லி' போடத் தோன்றும். போடாதீர்கள். அங்கேயும் 'லேட்' தான். லேட்லி என்றால் 'அண்மைக் காலமாக': 'ஐ ஹேவ் நாட் சீன் ஹர் லேட்லி.'

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன் குடும்பம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'மெதுவான' என்று பொருள். நாம் தனிச்சொல்லாக நினைக்கும் 'லாஸ்ட்' இதே வேரிலிருந்து பிறந்தது; 'லேட்டஸ்ட்'டுக்கு அக்கா என்றே சொல்லலாம். ஆனால் இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. இன்னும் எழுதிக்கொண்டிருப்பவரின் புதிய நாவலை 'லேட்டஸ்ட்' என்பதே பாதுகாப்பு. 'லாஸ்ட்' என்றால், இனி எழுதமாட்டார் என்றும் படலாம்.

சரி, தேர்வறையில் சந்தேகம் வந்தால்? ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு முன் லேட் எழுதியிருந்தால், அந்த இடத்தில் 'மறைந்த' என்று வைத்து மனத்துக்குள் வாசியுங்கள். நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல என்றால், லேட்டை எடுத்து வினைக்குப் பின்னால் வையுங்கள்.