கல்லீரலில் தேடிய நோய்

சின்ன ஊர் ஒன்றில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ரத்த ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம்கள் இரண்டும் ஏறியிருந்தால் பார்ப்பவர்களுக்கு உடனே கல்லீரல்தான் தோன்றும். இந்த என்சைம்கள் தசையிலும் உண்டு. படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் சமயத்துக்கு ஞாபகம் வருவதில்லை.

அந்த ஆறு வயதுப் பையன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. காய்ச்சலுக்கு எடுத்த ரத்தத்தில் இரண்டும் பல மடங்கு ஏறியிருந்தன. கண்ணில் மஞ்சள் இல்லை, மஞ்சள்காமாலையில் கூடும் பிலிருபினும் நார்மல். ஆனாலும் மஞ்சள்காமாலை என்று வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு, உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். அப்புறம் பெரிய ஊர்களில் ஸ்கேன், ஹெபடைட்டிஸ் டெஸ்ட், உடம்பில் செம்பு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும் வில்சன் நோய்க்கான டெஸ்ட். எதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் கல்லீரலில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று முடிவாகி, அதற்கு முன் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகளுக்காக எங்களிடம் வந்திருந்தார்கள்.

ஊசியைப் பார்த்து அவன் அழவே இல்லை. அந்த அளவுக்குப் பழகியிருந்தான். ரத்தம் எடுத்ததும் தரையில் உட்கார்ந்து பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவனை அம்மா கூப்பிட்டார். முதலில் குப்புறத் திரும்பிக் கையையும் காலையும் ஊன்றினான். பிறகு ஒரு கை முழங்காலில், அடுத்தது தொடையில் என்று தன் உடம்பையே பிடித்துப் பிடித்து ஏறி நிமிர்ந்தான். கெண்டைக்கால்கள் வயதுக்கு மீறிப் பருத்திருந்தன. இப்படி எழுவதைத் தசைநோயின் அடையாளமாக வில்லியம் கவர்ஸ் என்ற மருத்துவர் 1879-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

"எப்பவும் இப்படித்தான் எந்திரிப்பானாம்மா?"

"ஆமா மேடம். மாடிப்படி ஏறவும் அழுவான். சோம்பேறின்னு அவங்கப்பா திட்டுவாரு. டாக்டருங்ககிட்ட சொன்னேன். ஈரல் சரியானா தெம்பு வந்துடும்னாங்க." கொஞ்சம் பொறுத்து அவராகவே சொன்னார்: "என் தம்பியும் இப்படித்தான் எந்திரிப்பான். போலியோன்னாங்க. பதினெட்டு வயசுல போயிட்டான்."

அவர் கையில் இருந்த கனத்த ஃபைலில் அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னால் இன்றும் பொறுக்க முடியாதது அதுதான்.

நோயின் பெயரைச் சொல்வது என் வேலையில்லை. எங்கள் பேதாலஜிஸ்ட்டிடம் சொன்னேன். அவர், பையனை அனுப்பிய டாக்டருக்குப் போன் போட்டார். தசை கெட்டால் ரத்தத்தில் கூடுகிற என்சைமான சி.பி.கே.வும் பார்ப்பது என்று முடிவானது. ரத்தத்திலிருந்து பிரித்து வைத்த தெளிந்த நீரான சீரமே போதும், மறுபடி குத்தத் தேவையில்லை. அளவு எல்லை தாண்டிவிட்டதால் மெஷின் எண்ணே காட்டவில்லை. சீரத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினேன். சுமார் 200-க்குள் இருக்க வேண்டியது 14,000-ஐத் தாண்டியிருந்தது. கல்லீரல் கெட்டால் கூடுகிற, தசை கெட்டால் கூடாத ஜி.ஜி.டி. நார்மலாகவே இருந்தது. சி.பி.கே. சில நூறு ரூபாய் டெஸ்ட்.

பயாப்ஸி நின்றது. மரபணுப் பரிசோதனையில் டுஷேன் தசைச் சிதைவு என்று உறுதியானது. முழுக்கக் குணமாக்க மருந்தில்லை. ஸ்டீராய்டு நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டும், இதயத்தையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே வர வேண்டும். அந்தப் பெயர் தெரிந்ததில் எனக்குத் துளியும் சந்தோஷமில்லை.

தாய்க்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. பையனுடைய அம்மாவின் தங்கைக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவளுக்கும் பாக்கணுமா மேடம்?" என்று கேட்டவர், யார் தடுத்தும் கேட்காமல் தங்கையை ஜெனடிக் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்திலும் பேசி, மகன் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்ற வைத்தார்.