ஜடாயுவின் இறக்கையும் பொடித் துளைகளும்

நிழல்கூத்துக்காக நான் செய்யும் தோல்பாவை ஜடாயுவின் இரண்டு இறக்கையும் ஒருவழியாகக் கிழியாமல் வந்துவிட்டன. ஆட்டுத் தோலை ஊறவைப்பது, இழுத்துக் கட்டுவது, மயிர் சுரண்டுவதெல்லாம் பாவை செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பாடாய்ப்படுத்தியது இறகு ஓரத்துத் துளைகள்.

வரிசையாக அடித்துக்கொண்டே போனால், கொஞ்ச தூரத்தில் தபால்தலை ஓரம் மாதிரி நேர்கோட்டில் பிய்ந்துவிடும். கைகொடுத்த வழி இது: முதல் சுற்றில் ஒன்று விட்டு ஒன்று. பிறகு தோலைத் திருப்பிப் போட்டு, பிசிறை கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துப் படியவிட வேண்டும். அப்புறம்தான் இடையில் விட்ட துளைகள். உளி முனையைத் தேன்மெழுகில் ஒரு குத்து குத்திவிட்டு அடித்தால் சிக்காமல் எழும்பி வரும். ஒரு துளைக்கு ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் வட்டம் கோணிவிடும். அடியில் வைக்க, கறிக்கடையில் போடும் புளியமரக் கட்டைக்கு ஈடே இல்லை.

"பார்க்க வருவது நாலு பேர். இந்தப் பொடித் துளையை யார் கவனிக்கப் போகிறார்கள், பாதியாகக் குறைத்துக்கொள்ளேன்" என்றார்கள் வீட்டில். மனசு ஒப்பவில்லை. பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோவில்களில் தோல்பாவைக் கூத்து ஆடும் மேடையான கூத்துமாடம் பார்த்திருப்பீர்கள். 42 அடி நீள மேடை, திரைக்குப் பின்னால் தேங்காய்மூடிகளில் 21 விளக்குகள். தாரிகன் என்ற அசுரனை வதம் செய்யப் போனதால் ராவண வதத்தைக் காண முடியாமல் போன தேவிக்காக ஆடுவது என்பது ஐதீகம். பல இரவுகளில் எதிரே ஒரு ஆள்கூட இருக்கமாட்டார். ஆனாலும் கம்பன் பாட்டைச் சொல்லி, பொருள் விரித்து, வாதம் நடத்தி, விடியும்வரை ஆடுவார்கள். அங்கே பழைய பாவைகள் மான் தோல், வெளிச்சம் ஊடுருவாது. துளை வழியே வருகிற ஒளிதான் நகை, கண், ஆடை எல்லாம். ஆளில்லாத மைதானத்துக்காக ஒவ்வொரு துளையும் அவ்வளவு சுத்தமாக அடித்திருக்கிறார்கள்!

போன சனிக்கிழமை மொட்டைமாடியில் ஆட்டம் வைத்தேன். மழை மிரட்டியதால் வந்தது எதிர்வீட்டுப் பாட்டியும் பேரனும்தான். ஒரு வரி விடாமல் முழுசாக ஆடினேன். பையன் திரையில் மூக்கு உரசும் அளவுக்கு வந்து, இறகுப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். ராவணன் வாளை ஓங்கியதும் பாட்டி "அடப்பாவி!" என்று சத்தமாகவே திட்டினார். வெட்டுப்பட்ட இறக்கைதான் நூலை இழுத்தும் உடனே விழவில்லை. மூட்டு இணைப்பை இன்னும் தளர்த்த வேண்டும்.

தோல் தேடுபவர்களுக்கு: சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் விற்பது பதனிட்ட தோல், நமக்கு ஆகாது. மிருதங்கம், தபேலா கட்டுபவர்களிடம் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் மெலிந்து சுருங்கும். முகத்தை முதுகுப் பகுதியில் வரையுங்கள்.

ஜடாயுவுக்குச் சாயம் இன்னும் பூசவில்லை. அதற்குள் ராவணனின் பத்துத் தலைக்கும் அளவு எடுத்துவிட்டேன். எல்.இ.டி. வெளிச்சத்தில் நிழலுக்கு உயிரே இல்லை. அடுத்த முறை எண்ணெய் விளக்குதான். சுடருக்கும் திரைக்கும் நீங்கள் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்?