செவரா தன் கையால் எழுதிய நாலு வரி

இருபத்தாறு வருடம் ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்தேன். அதிகாரி சொல்லச் சொல்ல எடுத்து, டைப் அடித்து, கையெழுத்துக்கு வைப்பேன். வேண்டியவர்களுக்குப் போகும் கடிதம் என்றால் அடியில் பேனாவால் ஒரு வரி அவரே சேர்ப்பார். வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரிதான் கடிதம்.

அந்தப் பழக்கதோஷம்தான், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு மெல்லிய மரத்தகட்டின் முன்னால் என்னை நிறுத்திவிட்டது. மசியால் எழுதிய கடிதம். எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் வலப்பக்கம் அடியில் கை மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மேலே பழகிய எழுத்தரின் ஓட்டம். கீழே நாலே வரி, கொஞ்சம் தடுமாறுகிற எழுத்து.

கி.பி. 100-ஐ ஒட்டி, ரோமப் பேரரசின் வடகோடியில், இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த விண்டோலாண்டா கோட்டைக்கு வந்த கடிதம் அது. எழுதியவர் கிளாடியா செவரா, ஏலியஸ் புரோக்கஸ் என்ற அதிகாரியின் மனைவி. பெற்றவர் சுல்பிசியா லெபிடினா, அந்தக் கோட்டைத் தளபதி செரியாலிஸின் மனைவி. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் எனக்குச் சந்தோஷம் என்று எழுத்தரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். அப்புறம் தானே எழுதுகோலை வாங்கி, 'உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி, என் உயிரே' என்று முடித்திருக்கிறார். லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

சாதாரணச் சிப்பாய்க்குச் சட்டப்படி கல்யாணமே கிடையாது; அதிகாரிகள்தான் குடும்பத்தோடு இருக்கலாம். அந்தக் குளிரில், பேச்சுத்துணைக்குத் தன் நிலையில் இன்னொரு பெண் வேண்டுமென்றால் அடுத்த கோட்டைக்குத்தான் போக வேண்டும்.

சொத்து போன்ற காரியங்களில் சம்மதம் தர, பெண்ணுக்கு ஓர் ஆண் பாதுகாவலர் வேண்டும் என்பது ரோமச் சட்டம். மூன்று பிள்ளை பெற்றால் அந்தக் கட்டிலிருந்து விலக்கு என்று பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏற்பாடு. என்ன கணக்கோ! ஆனால் சட்டத்தைவிட செவராவின் இன்னொரு கடிதம்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. 'சொன்னபடி புரோக்கஸிடம் கேட்டேன். உன்னிடம் வர எனக்கு எப்போதும் அனுமதி உண்டு என்றார்' என்று அதில் எழுதுகிறார். மனிதர் நல்லவர்தான். ஆனாலும் கேட்டாக வேண்டியிருந்தது.

படித்ததும் சிரித்துவிட்டேன். மகள் ஏன் என்றாள். லண்டனுக்கு டிக்கெட் போடட்டுமா என்று அவள் போனில் கேட்டபோது நான் சொன்ன பதிலை நினைவுபடுத்தினேன்: "இரு, அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."