பலகையின் பின்பக்கம்

ஏல நிறுவனத்தில் கலைப்பொருள் மதிப்பீட்டாளராக வேண்டுமென்றால் என்ன படிக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் வந்த வழியை மட்டும் சொல்கிறேன்.

சென்னை கவின் கலைக் கல்லூரியில் ஓவியம், அப்புறம் டெல்லியில் கலை வரலாறு முதுகலை. மும்பையில் ஓர் ஏல நிறுவனத்தில் நேர்காணல். மேசைமேல் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை வைத்து, "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அங்கிருந்த மூத்தவர். மராட்டியர் காலம், தங்க வேலை, முகத்தின் அமைப்பு என்று பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் திருப்பிப் பார்க்கவில்லை?" என்றார். அப்போதுதான் இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினேன். பின்னால் பளபளவென்று ப்ளைவுட்.

எப்படியோ வேலை கிடைத்தது, ஆனால் கிடங்கில். முதல் பதினான்கு மாதம் அளவு நாடா, நகை ஆசாரி கண்ணில் வைக்கும் லென்ஸ், ஒரு புற ஊதா டார்ச், இவைதான் என் உலகம். வரும் பொருளை அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், எங்கே விரிசல், எங்கே ஒட்டுப்போட்டது என்று நிலை அறிக்கை எழுத வேண்டும். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் இதைச் சலிப்பான காலம் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல் அந்தக் கிடங்கு கொடுத்தது.

பழைய தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலாப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கில் புடைப்பு வேலை செய்து, தங்க ரேக்கு பதித்திருப்பார்கள். பலகை பழசாக இருந்தாலே நம்பிவிட முடியாது. இடித்த வீட்டின் பழைய பலகையை இழைத்து அதில் புதிதாக வரைகிறவர்களும் உண்டு. டீ டிகாக்ஷன் பூசி, புகை காட்டி, வண்டு அரித்த மாதிரி துளைகூடப் போடுவார்கள். அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். வண்டு குடைந்த வழி வளைந்து வளைந்து போகும், கம்பி சீக்கிரமே முட்டிக்கொள்ளும். டிரில் போட்ட துளை நேராகப் போகும், பக்கத்துத் துளைகளும் கிட்டத்தட்ட அதே ஆழத்தில் நிற்கும். இதை என் விரலால் உணர்ந்த நாளில் சாப்பிடக்கூடப் போகாமல் கிடங்கில் இருந்த பலகைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

பெரிய தவறு ஒன்றும் செய்தேன். ஒரு ராமர் பட்டாபிஷேகப் படத்துக்கு "நல்ல நிலை" என்று எழுதிவிட்டேன். பட்டியல் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், மூத்தவர் விளக்கை அணைத்து அந்தப் புற ஊதா டார்ச்சை அடித்தார். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர, சீதையின் முகம் மட்டும் கறுப்புத் திட்டாக நின்றது. முகம் முழுவதும் பிற்காலத்தில் மேல்பூச்சு. நேரில் வராமல் போனில் ஏலம் கேட்பவர் என் அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் லட்சங்களைச் சொல்கிறார். அன்றிலிருந்து அந்தச் சொற்களை நான் லேசில் எழுதுவதில்லை.

அடுத்து சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டத்தைப் படிக்காமல் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது. நூறு வருஷம் தாண்டிய ஓவியமோ சிற்பமோ தொல்பொருள். அதைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், விற்பதைத் தொழிலாகச் செய்கிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும், தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் போன்ற சில ஓவியர்களின் படைப்புகளுக்கு வயது நூறைத் தொடாவிட்டாலும் ஏற்றுமதித் தடை உண்டு.

மூன்றாம் வருஷம்தான் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். காரைக்குடிப் பக்கம், செட்டிநாட்டு வீடு. ஆச்சிக்கு எண்பது இருக்கும். மூன்று பொருள்களைக் கூடத்தில் எடுத்து வைத்திருந்தார்கள்.

முதலாவது, ஜரிகையும் ஜிகினாவும் தைத்து அலங்கரித்த சரஸ்வதி. "ரவி வர்மா கையால போட்டது" என்று தலைமுறையாகச் சொல்லி வந்த படம். லென்ஸை வைத்ததும் நிறம் எல்லாம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் பாணியில் கல்லில் அச்சிட்ட படம். சொல்லத் தயங்கினேன். ஆனாலும் லென்ஸை ஆச்சி கையில் கொடுத்து, அவர்களையே பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "எங்க அப்பத்தா தச்ச ஜரிகை, அது நெசந்தானே?" என்றார்கள். அது நிஜம்தான். அந்தப் படம் விற்பனைக்கு வரவில்லை.

இரண்டாவது, முக்கால் அடி உயரத்தில் ஒரு செப்புத் திருமேனி, அம்மன். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. காகிதமும் இல்லை, பதிவும் இல்லை. ஏலத்துக்கு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். முதலில் பதிவு செய்யுங்கள், அதிகாரிகள் கோயில் சிலைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்றேன். பேரனுக்குக் கோபம். "எங்களைத் திருடன்னு சொல்றீங்களா?" அவருக்கு ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையைச் சொன்னேன். அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் திருடுபோன அந்த நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கோயிலில் இருந்தபோது எடுத்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வைத்திருந்த பழைய படங்கள்தான் அடையாளம் காட்டின. 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். அத்தனை பெரிய கலைக்கூடமே "எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்கு வந்த பதிலைச் சரியாகச் சோதிக்காததன் விலை அது. நானும் அதே தவறைச் செய்ய மாட்டேன் என்றேன். பேரன் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியை இன்றும் எல்லோரிடமும் கேட்கிறேன். கோபப்பட்டாலும் கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, நவநீத கிருஷ்ணன். தஞ்சாவூர் ஓவியம். இந்தமுறை முதலில் திருப்பினேன். பலாப்பலகை, குறுக்குச் சட்டம், கையால் அடித்த ஆணி, ஓரத்தில் வளைந்து போகும் வண்டு வழி. விளக்கை அணைத்து டார்ச் அடித்தபோது இடது முழங்கால் பக்கம் மட்டும் ஒரு சின்ன ஒட்டு. பதிவுக்கு விண்ணப்பம், படங்கள், அலைச்சல் என்று ஏழு மாதம் ஓடியது. குறைந்தபட்சம் 4 லட்சம், அதிகபட்சம் 6 லட்சம் என்று மதிப்புப் போட்டேன். முழங்கால் ஒட்டையும் பட்டியலில் எழுதினேன். அதை எழுதினால் விலை விழும் என்று சக ஊழியர் ஒருவர் தயங்கினார்.

ஏலத்தன்று போனில் கேட்டவர் சார்பாகக் கை தூக்கும் வேலை எனக்கு. சின்ன வயதில் மீன் ஏலத்தில் கேட்ட ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் மனசுக்குள் ஓடியது. சுத்தியல் 7 லட்சத்தில் விழுந்தது. கேட்டு எடுத்தது வேறொருவர்.

சாயங்காலம் ஆச்சிக்குப் போன் செய்தேன். தொகையைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தார்கள்.

"யாரு ஆத்தா வாங்கினது?"

"வாங்கினவங்க பேரைச் சொல்லக்கூடாது ஆச்சி."

"சாமி கும்பிடுவாகளா?"

எனக்குத் தெரியவில்லை. "வெயில் படாத சுவரா பாத்து மாட்டச் சொல்லி எழுதி வச்சிருக்கேன் ஆச்சி" என்றேன்.

"அதுபோதும்" என்று சொல்லிப் போனை வைத்தார்கள்.