சிறுவாச்சூர் தாண்டி ஒரு கிராங்க் சென்சார்

வண்டி 2005 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ., 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தது. போன கோடையில் அதற்கு ஒரு வியாதி வந்தது. நன்றாகச் சூடான பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும், செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும் ஆனால் பிடிக்காது, அரைமணி நேரம் ஓரம்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை. மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடிக்காட்டும்.

ஷெட்டில் முதலில் பிளக் மாற்றினார்கள், அப்புறம் பெட்ரோல் ஃபில்டர், அப்புறம் ரிலே, கடைசியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பையே மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்பதை அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இன்ஜின் சுற்றுகிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குத் தகவல் வந்தால்தான் அது பம்ப்பை ஓட விடும், இல்லையென்றால் சாவி போட்டதும் இரண்டு நொடி ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். விபத்தில் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எனவே தகவல் சொல்கிற சென்சார் செத்தாலும் பார்ப்பவருக்குப் பம்ப் செத்த மாதிரியேதான் தெரியும், ஸ்பார்க்கும் கூடவே போயிருக்கும். பெட்ரோல், ஸ்பார்க் இரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு முதல் துப்பு கிடைத்தது டேஷ்போர்டில். டாப் வேரியன்ட் என்பதால் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் உண்டு. ஒரு நாள் வண்டலூர் பக்கம் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது அணைந்தது. கிளட்ச்சை மிதிக்காமல் அப்படியே உருளவிட்டேன். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, முள் 1500, 2000 என்று எதையாவது காட்ட வேண்டும். முள்ளோ நேராகப் பூஜ்யத்தில் போய்ப் படுத்துவிட்டது. பெட்ரோல் வராமல் நின்றிருந்தால் முள் வண்டி வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கியிருக்கும். இப்படித் தொப்பென்று விழுந்தது என்றால், இன்ஜின் சுற்றுவதே ஈ.சி.யு. கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே கிராங்க் பொசிஷன் சென்சார் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பரவலாக உள்ள அமைப்பில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் அடுத்தடுத்து இரண்டை வெட்டி எடுத்திருப்பார்கள், மிச்சம் 58. பல்லுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளி சென்சாரின் மூக்கு நிற்கும். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது கம்பியில் ஒரு சின்ன மின்னழுத்தம் துள்ளும். 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 2900 துள்ளல். இரண்டு பல் இல்லாத இடைவெளி வரும்போது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈ.சி.யு. கணக்குப் போட்டுக்கொள்ளும். இந்தக் கம்பியில் எங்காவது மயிரிழை விரிசல் விழுந்தால், குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரியும்போது விலகிவிடும். வியாதியின் லட்சணம் அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று, இந்தக் கோளாறு உள்ள வண்டி டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திய பிறகுதான் அதிகம் அடம்பிடிக்கும். ஓடும்போது காற்றும் கூலன்ட்டும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அணைத்த பிறகு இரண்டும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறிவிட்டுத்தான் இறங்கும்.

சரி, சந்தேகத்தை உறுதிப்படுத்த வேண்டும். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஓ.பி.டி. டாங்கிளைச் செருகி கோளாறு எண்ணைப் பார்த்தால் வேலை முடிந்தது என்பார்கள், கிராங்க் சென்சார் என்றால் P0335 என்று வரும் என்பார்கள். நம் ஊரில் ஓ.பி.டி. கட்டாயமானது 2010-க்குப் பிறகுதான், அதுவும் படிப்படியாக. என் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே போர்ட் மட்டும் லட்சணமாக இருக்கிறது, ஆனால் என் புளூடூத் டாங்கிளோடு அது பேசவே மாட்டேன் என்கிறது. எனவே மல்டிமீட்டர்தான். என்னுடையது இரண்டு ஒயர் உள்ள காயில் வகை, அதனால் ஓம் அளந்து பார்க்கலாம். மூன்று ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளே சின்ன சிப் உள்ள ஹால் வகை, அதில் இந்த ஓம் சோதனை எதையும் சொல்லாது, மின்சாரம் கொடுத்து சிக்னல் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு சென்சாரை வெளியே எடுத்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகடு பக்கம், ஒரே ஒரு 10-ம் நம்பர் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. குளிர்ச்சியில் 880 ஓம். ஹேர் டிரையரால் சூடு காட்டினேன், மெதுவாக ஏறி 1050-இல் நின்றது. செம்பு சூடானால் மின்தடை கூடும், அது இயல்பு. அறுந்தால் மீட்டர் ஓ.எல்., அதாவது அளவு எல்லை தாண்டிவிட்டது, என்று காட்ட வேண்டும், காட்டவில்லை. 880 ஓம் 1050 ஆவதற்கு சென்சார் 80 டிகிரி வரை சூடானால் போதும் என்று கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது: ஹேர் டிரையர் கொடுக்கிற சூடு பற்றவில்லை, வண்டியில் அந்த இடத்துச் சூடு இதைவிட அதிகம்.

புதுசை உடனே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள், வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் கனெக்டரும் அதே சூட்டில்தான் வேகிறது. கழற்றி மாட்டுகிற ஆட்டத்திலேயே கனெக்டர் கோளாறு இரண்டு வாரம் ஒளிந்துகொள்ளும், பிறகு திரும்ப வரும், அப்போது எதைச் சந்தேகிப்பது? எனவே சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு புது சென்சார் வாங்கி, வீட்டிலேயே ஓமும் மூக்கின் நீளமும் ஒப்பிட்டுப் பார்த்து, டிக்கியில் போட்டு வைத்தேன். நீளம் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் சிக்னல் வலுவிழக்கும், நீளமாக இருந்தால் பல்லில் உரசி உடைந்துபோகும். கூடவே 10-ம் நம்பர் சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், ராட்செட், நோஸ் பிளையர், மல்டிமீட்டர், கேபிள் டை, டார்ச், ஒரு ஜோடி கையுறை. அடுத்த முறை நிற்கும்போது சூட்டோடு சூடாக அளந்துவிட்டுத்தான் மாற்றுவது என்று முடிவு. என் மனைவியிடம் இந்த வாதம் எடுபடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நின்றது சித்திரை வெயிலில். சமயபுரத்தில் ஒரு காதுகுத்துக்காகத் தாம்பரத்திலிருந்து கிளம்பியிருந்தோம், பெரம்பலூரில் சாப்பிட்டுவிட்டு சிறுவாச்சூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம், பாடாலூர் வருவதற்கு முன்னால் முள் பூஜ்யத்தில் விழுந்தது. வேகம் இருக்கும்போதே இடதுபக்கம் ஒதுக்கி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே முழுசாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். ஹஸார்டு விளக்கு, பின்னால் நன்றாகத் தள்ளி சிவப்பு முக்கோணம். மனைவியையும் பையனையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலுக்கு அனுப்பினேன். நான்குவழிச் சாலையில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

"மாமா, ஹைவே ஹெல்ப்லைன் 1033-க்கு அடிச்சுரட்டுமா?" என்றான் மச்சினன்.

"நம்பரை எடுத்து வச்சுக்க மாப்ள. முதல்ல டிக்கியில இருந்து மீட்டரக் கொண்டா, ஆறிடப் போகுது."

ஆறிடப் போகுது என்று நான் பதறியதைப் பார்த்து அவன் விழித்தான். எல்லோரும் இன்ஜின் ஆறக் காத்திருப்பார்கள், நான் ஆறுவதற்குள் அளக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியின் கிளிப்களைத் தட்டி எடுத்து, கையுறையோடு கையை நுழைத்து கனெக்டரை உருவினேன். பதினெட்டு இருபது வருடம் வெந்த பிளாஸ்டிக், லாக்கின் நாக்கு அப்பளம் மாதிரி ஒடிந்து விழுந்தது. மீட்டர் முனைகளை சென்சாரின் இரண்டு பின்னிலும் வைத்தால், ஓ.எல். அப்பாடா. வண்டி நடுரோட்டில் நின்றதற்கு இப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். மச்சினனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினேன், அவனுக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

அந்த நேரத்தில் முன்னால் ஒரு லாரியை ஓரம்கட்டிவிட்டு டிரைவர் இறங்கி வந்தார், அறுபதை நெருங்குகிற வயது. எட்டிப் பார்த்துவிட்டு, "லாக் ஆயிருக்கும் தம்பி. பம்ப்பு மேல ஈரத்துணியைப் போடுங்க, அஞ்சு நிமிசத்துல எடுத்துக்கும்" என்றார். அம்பாசடர், பத்மினி காலத்து வைத்தியம் அது. அந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே பொருத்தப்பட்டிருக்கும், வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, அழுத்தமும் மூன்று பார் அளவுக்கு, அந்த மாதிரி லாக் ஆவது அபூர்வம்.

ஆனால் யோசனை நல்ல யோசனை. "அண்ணே, துணியைப் போடுவோம், ஆனா பம்ப்புல இல்ல, இங்க" என்று பையனின் துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து சென்சார் தலைமேல் சுற்றினேன். தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, பக்கத்திலேயே ஒயர்களும் சூடான எக்ஸாஸ்டும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து மீட்டரை வைத்தால் ஓ.எல். போய் 970 வந்தது, பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. சூட்டில் அறுகிறது, குளிர்ந்தால் ஒட்டுகிறது. கனெக்டர் சம்பந்தப்படாமல் சென்சாரின் பின்னிலேயே அளந்தது என்பதால் வாதத்துக்கு இடமே இல்லை.

மாற்றும் வேலையில் இரண்டு இடம்தான் கவனிக்க வேண்டியவை. ஒன்று, கழற்றும்போது. அலுமினியத்துக்குள் பல வருடம் உட்கார்ந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் தலை கையோடு வந்துவிடும், மூக்கு உள்ளே நின்றுவிடும், அப்புறம் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். இடதும் வலதுமாக மெல்லத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை வீட்டில் எடுத்திருந்ததால் எனக்கு அது எளிதாக வந்தது. மூக்கில் காந்தம் இழுத்த இரும்புத்தூள் மை பூசியது போல ஒட்டியிருந்தது. துளையின் வாயைத் துணியால் துடைத்து, புது ஓ-ரிங்கில் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு ஆயில் தடவி, அடியில் போய் உட்காரும் வரை கையாலேயே அமுக்கினேன். போல்ட்டை இறுக்கி முழுசாக உட்காரவைக்கப் பார்த்தால் சென்சாரில் போல்ட் நுழையும் காது உடையும்.

இரண்டாவது, போல்ட். அந்த இடத்தில் விழுந்தால் நேராகக் கீழே உள்ள தட்டில் போய் ஒளிந்துகொள்ளும். சாக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து போல்ட் தலையை அதில் அழுத்தினால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. டோல்கேட் ரசீது இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ஃபாஸ்டேக் வந்த பிறகு அதற்கும் பஞ்சம், என்னிடம் பழைய பார்க்கிங் சீட்டு ஒன்று கிடைத்தது. முதலில் கையால் இழை பிடித்துத் திருகிவிட்டு, பிறகு ராட்செட்டில் கொஞ்சம்தான். சின்ன போல்ட், அலுமினிய மரை, வீரம் காட்டும் இடம் இல்லை.

கனெக்டரைச் செருகி, ஒடிந்த லாக்குக்குப் பதில் ஒரு கேபிள் டை குறுக்கே கட்டி, ஒயர் எக்ஸாஸ்டைத் தொடாமல் பின்னுக்கு இழுத்து இன்னொரு டை. சாவியைப் போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி முனகியது. செல்ஃப் அடித்த உடனே முள் துடித்து 250-ஐக் காட்டியது, அப்போதே தெரிந்துவிட்டது, அடுத்த நொடி பிடித்துவிட்டது. லாரி அண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "நான் சொன்னேன்ல, ஈரத்துணி போட்டா எடுத்துக்கும்னு" என்றார். நான் ஆமாம் அண்ணே என்று சொல்லி அனுப்பிவைத்தேன். காதுகுத்து முடிந்திருந்தது, பந்தி முடியவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பழைய சென்சாரை ஹீட் கன்னில் காட்டிப் பார்த்தேன், 100 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் மீட்டர் ஓ.எல். காட்டுகிறது, ஆறினால் திரும்ப 880. புதியது அதே சூட்டில் அசையவில்லை. சென்னை ட்ராஃபிக்கில் ஏ.சி. போட்டு வேகவைத்தும், டீக்கடையில் வேண்டுமென்றே நிறுத்தியும் பார்த்தாகிவிட்டது, முள் ஒருமுறைகூட விழவில்லை. கேபிள் டை தற்காலிகம்தான், ஒயரோடு வரும் புது கனெக்டர் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். அன்றைக்குக் கை நுழைத்தபோது பக்கத்திலிருந்த கூலன்ட் ஹோஸ் கொழகொழவென்று ஊதியிருந்தது கையில் பட்டது, கனெக்டருக்கு முன்னால் அதை மாற்றிவிடப் போகிறேன்.