பழுப்பேறிய பொம்மைகள்: பணிமேசை நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

மேசையில் இருப்பவை: எண்பதுகளின் வெள்ளை ரோபோ ஒன்று, பிவிசி அனிமே ஃபிகர் ஒன்று, ரெசின் கிட்டின் (நாமே ஒட்டிப் பெயின்ட் செய்யும் பொம்மையின்) தலை ஒன்று, வெள்ளையும் சாம்பலுமாகக் கொஞ்சம் லெகோ கட்டைகள். எல்லாவற்றிலும் மஞ்சள். ஆனால் ஒவ்வொன்றிலும் மஞ்சள் வந்த வழி வேறு, ஆகவே மருந்தும் வேறு. மஞ்சளைப் பார்த்ததும் வெளுப்பதற்கான ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலைத் திறப்பவர்கள் கெடுத்த பொம்மைகள்தான், மஞ்சளாகவே விட்டதால் கெட்டவற்றைவிட அதிகம்.

முதலில் அழுக்கா, பழுப்பா என்று பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான டூத் பிரஷ். கழுவியபின், பிவிசி தவிர மற்றவற்றில், வெளியே தெரியாத ஓர் இடத்தில், பெயின்ட் இல்லாத பகுதியில், 70% ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒருமுறை தேய்க்கவும். பஞ்சில் பழுப்பு இறங்கினால் அது சிகரெட் புகையோ சமையல் பிசுக்கோ, கழுவினாலே போகும். பஞ்சு சுத்தமாக வந்தால் நிறம் மாறியிருப்பது பிளாஸ்டிக்கே.

மார்ச் 4, செவ்வாய்

எது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் அடுத்த படி இல்லை. பாகங்களின் உட்புறத்தில் சில நேரம் ஏபிஎஸ், பிவிசி என்று அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் போதும். 200 மி.லி. தண்ணீரில் 40 கிராம் உப்பை முழுதாகக் கரைத்து, கழற்றிய சிறு பாகத்தை உள்ளே விடவும். ஏபிஎஸ்ஸும் பாலிஸ்டைரீனும் சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், இந்தக் கரைசலில் மிதக்கும். பிவிசி, பாலிகார்பனேட், அசிடால் மூன்றும் இதிலும் மூழ்கும். பாகத்தின் குழிவில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் எல்லாமே மிதக்கும். விரலால் தட்டிக் குமிழியை விரட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ, ஸ்பிரிங் உள்ள பாகத்தை இதில் போடக்கூடாது, உப்பு துருவைக் கூட்டும்.

முடிவு: ரோபோவின் சிறு பாகமும் கட்டைகளும் மிதக்கின்றன, ஃபிகரின் கைப்பாகம் மூழ்குகிறது. லெகோவில் ஒரு குறிப்பு: 1963இல்தான் அது செல்லுலோஸ் அசிடேட்டை விட்டு ஏபிஎஸ்ஸுக்கு மாறியது. அதற்கு முந்தைய கட்டைகள் வளைந்து நெளிந்திருக்கும். அவற்றைக் கரைசலில் ஊறவைக்கவோ சூடாக்கவோ வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

ஏபிஎஸ் ஏன் மஞ்சளாகிறது? அதில் உள்ள பியூடாடையீன் ரப்பர் பகுதிதான் பலவீனமான இடம். அதன் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் தாக்குகிறது, புற ஊதாக்கதிரும் வெப்பமும் அதை வேகப்படுத்துகின்றன. அப்படி உண்டாகும் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. தீத்தடுப்பு புரோமின்தான் காரணம் என்று எங்கும் எழுதுகிறார்கள். பழைய கணினிப் பெட்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். புரோமின் சேர்க்காத ஏபிஎஸ்ஸும் மஞ்சளாகத்தான் செய்கிறது.

பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்த பொம்மையும் பழுப்பேறுவது இதனால்தான். வெளிச்சம் வேண்டாம், வெப்பமும் காற்றும் போதும். ரோபோவின் இடது கை வெள்ளை, வலது கை மஞ்சள் என்று இருப்பதிலும் மர்மமில்லை: இரண்டும் வேறு வேறு வார்ப்பில், வேறு சேர்க்கைப் பொருளுடன் வந்தவை.

மாற்றம் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் நடக்கிறது. அதனால்தான் பெராக்சைடு எட்டுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் மஞ்சள் போகும், கூடவே வார்ப்பின் நுணுக்கமும் போகும்.

மார்ச் 8, சனி

ரோபோவைக் கழற்றும் நாள். ஸ்க்ரூ, ஸ்பிரிங், இரும்பு அச்சு, ரப்பர் டயர் எல்லாம் வெளியே. உலோகம் இரண்டு வகையில் கெடுதல்: தானும் துருப்பிடிக்கும், பெராக்சைடையும் வேகமாகச் சிதைத்து வீணாக்கும். கரைசல் ஊற்றும் பாத்திரமும் அதே காரணத்தால் கண்ணாடியோ பாலிபுரொப்பிலீனோதான்.

ஸ்டிக்கர், அச்சிட்ட சின்னம், பெயின்ட் அடித்த முகம் உள்ள பாகங்களை ஒதுக்கி வைக்கவும். வெள்ளி க்ரோம் முலாம் பூசிய பாகத்தை எக்காரணம் கொண்டும் கரைசலில் விடக்கூடாது; அந்த முலாம் மெல்லிய அலுமினியப் படலம், உரிந்துவிடும். ஒளி ஊடுருவும் பாகங்களும் வேண்டாம், மங்கும், சில நேரம் விரிசல் விடும். சிவப்பு, இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பெராக்சைடில் வெளுக்கும். சாம்பல் நிறம் முதல் இரண்டு மணி நேரத்திலேயே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த வெளுப்பு முறை 2008 வாக்கில் பழைய கணினி ஆர்வலர்களிடம் உருவானது. அப்போது பசைபோல் கலந்து பூசினார்கள். இப்போது முழுக ஊறவைப்பதே மேல்.

ஹைட்ரஜன் பெராக்சைடின் அளவு: மருந்துக்கடைப் பாட்டில் 3% அல்லது 6%. தலைமுடிச் சாயத்துக்கான டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6%, 30 என்றால் 9%, 40 என்றால் 12%. 6% பாட்டிலில் 500 மி.லி.யுடன் 500 மி.லி. தண்ணீர் சேர்த்தால் ஒரு லிட்டர் 3% கிடைக்கும். மெல்லிய மஞ்சளுக்கு 3% போதும், முற்றியதற்கு 6%. ஆய்வக 35% பாட்டிலுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. தோலில் பட்ட நொடியில் வெண்புண்ணாக்கும். 6% என்றாலும் நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பாகம் முழுதும் மூழ்க வேண்டும். மிதக்கிற பாகத்தின் நீர்க்கோட்டில் நிரந்தரமாக ஒரு கோடு விழும். மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து அழுத்தி, அரைமணிக்கு ஒருமுறை பாகத்தைப் புரட்டி, ஒட்டிய குமிழிகளை உதறவும். குமிழி உட்கார்ந்த இடம் வெளுக்காமல் வட்டப்புள்ளியாக நிற்கும்.

பெராக்சைடை முடுக்க இரண்டு வழி. நேர் வெயிலில் 3% கரைசலில் 4 முதல் 8 மணி நேரம். அல்லது வெயிலே இல்லாமல், 50 டிகிரி செல்சியஸ் நீர்க்குளியலில் (வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து) 6% கரைசலில் 8 முதல் 24 மணி நேரம். வெப்ப முறையை நான் விரும்புகிறேன்: ஒளி ஒரு பக்கமாக விழாது, நிழல்கோடு வராது. 60 டிகிரியைத் தாண்டக்கூடாது, மெல்லிய சட்டங்கள் வளையும். வெப்பமானி இல்லாமல் அடுப்பை நம்பி இறங்க வேண்டாம்.

பாத்திரத்தை இறுக்கி மூடாதீர்கள். பெராக்சைடு சிதைந்தால் ஆக்சிஜன் வரும், மூடி வெடித்துத் தெறிக்கும். தளர்வாக மூடினால் போதும்.

துணிக்கறை நீக்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளைச் சிலர் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சேர்க்கிறார்கள். கரைசல் காரமாகி வேகம் கூடும், நுரையும் கூடும். கூடவே சாயமும் வேகமாக வெளுக்கும் என்பதால் வெள்ளைப் பாகத்துக்கு மட்டும்.

குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கைத் தாக்கும், பிறகு மஞ்சளையே கூட்டும். பெராக்சைடுடன் கலந்தால் பொங்கும், அமிலத்துடன் கலந்தால் நச்சு வாயு வரும். வினிகரையும் பெராக்சைடுடன் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

மார்ச் 10, திங்கள்

வெளுப்பை ஈரத்தில் வைத்து மதிப்பிடக்கூடாது. எடுத்து, கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், மஞ்சளேறாத உட்பாகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோபோவின் மார்புத் தட்டு சரியாக வந்துவிட்டது. முதுகு இன்னும் சந்தன நிறம். அது மட்டும் மறுபடி உள்ளே போகிறது.

உட்பாகத்தின் நிறத்தை எட்டியதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் மேற்பரப்பு மங்கலாகும், தொட்டால் தூள் ஒட்டும். அந்த நிலைக்கு மருந்து கிடையாது. கடைசியில் வெற்றுத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, நிழலில் காயவிடவும்.

மார்ச் 12, புதன்

கழற்ற முடியாத, பெரிய பாகத்துக்கு மட்டும் டெவலப்பர் கிரீம் முறை. 12% கிரீமைப் பெயின்ட் பிரஷ்ஷால் தடிமனாக, சமமாகப் பூசி, காற்றுப்புகாத மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். தாளில் சுருக்கம் விழுந்த இடத்தில் கிரீம் காய்கிறது. காய்ந்த இடமும் ஈரமான இடமும் வேறு வேகத்தில் வெளுக்கின்றன. கடைசியில் பளிங்கு வரி போலத் திட்டுத்திட்டாக நிற்கிறது. மணிக்கு ஒருமுறை தாளைப் பிரித்து, கிரீமைத் துடைத்து, புதிதாகப் பூசித் திருப்பி வைக்கப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம். வந்துவிட்ட திட்டை மறுபடி முழுக ஊறவைத்து ஓரளவு சமன் செய்யலாம், முழுதும் போகாது.

மார்ச் 15, சனி

பிவிசி ஃபிகர். இங்கே பெராக்சைடுக்கு முதலிடம் இல்லை.

பிவிசி மஞ்சளாவது ஹைட்ரஜன் குளோரைடை இழப்பதால். வெளிவந்த அமிலம் மீதியையும் சிதைக்கத் தூண்டுகிறது. அதோடு மென்மைக்காகச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே கசிகிறது. ஒட்டும் பிசுபிசுப்பு அதுதான். அதில் ஒட்டிய தூசியைப் பலர் மஞ்சள் என்று நினைக்கிறார்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுத்து, காற்றாட வைத்தால் பாதி பிரச்சினை அங்கேயே தீரும். சில மாதங்களில் திரும்ப வரும், திரும்பக் கழுவலாம். ஆல்கஹால், அசிட்டோன், தின்னர் எதுவும் வேண்டாம். பெயின்ட் முதலில் போகும், பிளாஸ்டிசைசர் உறிஞ்சப்பட்டு மேல்தோல் கடினமாகும்.

பெயின்ட் இல்லாத தனி முடிப்பாகமோ அடித்தட்டோ மஞ்சளாக இருந்தால் 3% கரைசலில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், அடிக்கடி பார்த்தபடி முயலலாம். ஃபிகரின் முகத்தில் கை வைக்காதீர்கள்.

பிவிசி மீது பேனா மையோ துணிச்சாயமோ ஏறியிருந்தால் முகப்பருவுக்கான 10% பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறையின் மேல் மட்டும் தடவி, தாளால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். கறை நாள்கணக்கில் மெல்ல மங்கும். சுற்றியுள்ள பொம்மையின் தோல் நிறமும் வெளுக்கக்கூடும் என்பதால் தினமும் கழுவிப் பார்க்கவும்.

மார்ச் 18, செவ்வாய்

ரெசின் தலை பாலியூரித்தேன். இது வெளிச்சத்தில் மஞ்சளாகும் குணமே உள்ள பொருள். வெளுத்தாலும் நிற்காது. கழுவி, பிரைமர் அடித்து, மறுபடி பெயின்ட் செய்வதே நேர்வழி.

பழைய கிட்களின் மஞ்சளான நீர் டெக்கல் தாளுக்கு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) எளிய வழி: மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அச்சுப்பக்கம் வெளியே பார்க்கும்படி வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஒன்றிரண்டு வாரம் விடவும். படலம் தெளியும். ஈரம் உள்ளே போகாதபடி பை மூடியிருக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

இனி காப்பு. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 320 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிரை நிறுத்தும், யூவி-ஏ என்ற நீள அலைப் புற ஊதாக்கதிரை உள்ளே விடும். கண்ணாடி அலமாரியை நம்பி ஜன்னலோரம் வைப்பது வீண். 380 நானோமீட்டர் வரை மறைக்கும் படலம் ஒட்டலாம். அதைவிட மலிவு, அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்துவது.

வெள்ளை எல்இடி விளக்கு கிட்டத்தட்ட யூவி தராது. ஆனால் விளக்குப் பட்டையை அலமாரிக்குள் அடைத்தால் சூடு அங்கேயே தங்கும். மின்மாற்றியை வெளியே வைத்து, பின்பலகையில் காற்றுத்துளை போடவும். அருங்காட்சியகங்களில் வெளிச்சத்தால் மிக எளிதில் கெடும் பொருள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம், லூமனுக்கு 75 மைக்ரோவாட் யூவி என்பது நெடுநாள் வரம்பு. வீட்டில் அந்தக் கணக்கைப் பிடிக்க வேண்டியதில்லை, ஆள் இல்லாத நேரத்தில் விளக்கை அணைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வெப்பம்தான் மறந்துபோகும் எதிரி. 10 டிகிரி குறைந்தால் சிதைவு வேகம் ஏறத்தாழ பாதியாகும் என்பது வேதியியலின் தோராயக் கணக்கு. பரணும் மொட்டை மாடி அறையும் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் வேண்டாம். ஈரப்பதம் 40 முதல் 50%.

பிவிசியை எதில் வைப்பது என்பதில் இரு கட்சி உண்டு. சேகரிப்பவர்கள் காற்றாட வை என்கிறார்கள், பிசுபிசுப்புக்கு அது சரி. பாதுகாப்பு ஆய்வாளர்கள் மூடிய கண்ணாடிக் கலன் பிளாஸ்டிசைசர் இழப்பைக் குறைக்கும் என்கிறார்கள், வெடிப்புக்கு அது சரி. காட்சிக்கு வைப்பதற்குக் காற்றையும், பல்லாண்டு எடுத்து வைப்பதற்குக் கண்ணாடியையும் தேர்ந்தெடுப்பேன். பாலிதீன் பையில் ஒட்டச் சுற்றுவது இரண்டிலும் சேராது, பை பிளாஸ்டிசைசரை உறிஞ்சும். தெர்மோகோலோ பாலிஸ்டைரீன் தட்டோ பிவிசியைத் தொட்டால் அது கரைந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் அமிலமற்ற காகிதம் வைக்கவும்.

ஏப்ரல் 19, சனி

வெளுத்த ரோபோவைப் படம் எடுத்து வைத்தாயிற்று. அதே விளக்கு, அதே தூரம், பக்கத்தில் நிறம் ஒப்பிட ஒரு சாம்பல் அட்டை. மஞ்சள் திரும்புவது சில பாகங்களில் மாதங்களில், சிலவற்றில் ஆண்டுகளில். வெளுப்பு அந்த நிறத்தை மட்டும் அழிக்கிறது, ஆக்சிஜனேற்றத்தை நிறுத்துவதில்லை. படமில்லாமல் கண்ணை நம்பினால் மாற்றம் முற்றிய பிறகுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுத்தால் போதும். திரும்பினால் 3% கரைசலில் குறுகிய நேரம், கடந்த முறை வெளுத்த அதே பாகங்களை மட்டும்.