பதினைந்து பெட்டிக்கு வந்த பெரிய வண்டி

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில், ஒரு மாடி அறையில் ஆறு வருடமாக மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்ஃப் போகக் காத்திருப்பவர்கள், மீதி கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள்.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம், போனில் ஏதாவது ஒரு வெள்ளைக்காரக் குரலை ஓடவிட்டு "இதே மாதிரி சொல்லுங்க" என்றதுதான். ஒருத்தன் முயன்றால் இன்னொருத்தன் "பீட்டர் விடுறான்டா" என்பான், வகுப்பே சிரிக்கும், அத்தோடு அவன் வாய் மூடிக்கொள்ளும்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு நண்டுக் கம்பெனியால். அங்கே கணக்கு பார்த்த என் மாணவன், கொச்சியில் இருக்கும் வியாபாரியிடம் போனில் "பிப்டீன் பாக்ஸ்" என்றிருக்கிறான். அவர் காதில் விழுந்தது ஐம்பது. ஐஸ் போட்டுக் கட்டிய 15 தெர்மோகோல் பெட்டியை ஏற்ற அத்தனை பெரிய வண்டி வந்து நின்றிருக்கிறது. திட்டு வாங்கிய கையோடு என்னிடம் வந்தான். "சார், நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானே சொன்னேன்?"

சொல்லச் சொல்லிக் கேட்டேன். அழுத்தம் முழுக்க முதல் அசையில். கடைசி 'டீன்' குறுகி, 'ன்' இருந்த இடமே தெரியவில்லை. பதினைந்துக்குக் கடைசி அசையை நீட்டி அழுத்த வேண்டும், ஐம்பதுக்கு முதல் அசையை. இதை நான் ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை, உச்சரிப்பு என்றால் எழுத்து என்றே நினைத்திருந்தேன். கப்பல்காரர்களுக்கு இந்த வம்பே கிடையாது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற தகவல்தொடர்புச் சொற்றொடர்களில், எண்களை "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதுதான் பொது முறை.

சரி, 'ஃபிஃப்' என்பதற்குப் பதிலாக அவன் சொன்ன அந்த 'பிப்'புக்கு வருவோம். பையன்களின் நோட்டைப் புரட்டினேன், ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழில் பிஷ், பேன், ஆபீஸ். 'ப' என்று எழுதி வைத்தால் இரண்டு உதடும் ஒட்டத்தானே செய்யும்? வழி தொல்காப்பியத்தில் கிடைத்தது, சத்தியமாக. எழுத்துகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் பிறப்பியலில், பகரத்துக்கு இதழும் இதழும், வகரத்துக்குப் பல்லும் இதழும் சேரும் என்றிருக்கிறது. எஃப்புக்கும் அதே பல்லும் உதடும்தான். "'வ' சொல்ல வாயை வைங்க, தொண்டை அதிராம காத்தை மட்டும் விடுங்க" என்றேன். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து எல்லோரும் ஊதினார்கள். அன்றைக்கு யாரும் பீட்டர் என்று சொல்லவில்லை, எல்லோர் வாயும் ஒரே மாதிரிக் கோணியிருந்தது.

அந்தப் பையன் இப்போது ஃபிஃப்டீனைச் சுத்தமாகச் சொல்கிறான். ஆனாலும் போனில் கூடவே "ஒன் ஃபைவ்" என்று சேர்த்துக்கொள்கிறான், என்னை இன்னும் முழுசாக நம்பவில்லை போல.